கவராயமும் நேர்விளிம்பும்: விகிதங்களை வரைந்த வரலாறு

கவராயம், அளவுக்குறிகள் இல்லாத நேர்விளிம்பு ஆகிய இரண்டை மட்டும் கொண்டு வடிவங்களை வரையும் முறை பண்டைய கிரேக்க வடிவியலில் உருப்பெற்றதாகும். இன்றைய பள்ளிப் பாடநூல்களிலும் அது தொடர்ந்து இடம்பெறுகிறது. ஒரு கோட்டுத்துண்டை இருசமக் கூறிடுதல், செங்குத்து வரைதல், கோணத்தைப் படியெடுத்தல் ஆகியவை இம்முறையின் எளிய பயன்கள். கொடுக்கப்பட்ட கோடுகளுடன் குறித்த விகிதத்தில் அமையும் புதிய கோடு ஒன்றைக் கண்டறிவதே அதன் முதன்மையான பயன் எனலாம். எந்த விகிதங்களை இவ்வாறு வரைய முடியும், எவற்றை வரைய முடியாது என்ற கேள்விக்கு முழுமையான விடை கிடைக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

வரைவதற்கான விதிகள்

கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' 13 புத்தகங்களைக் கொண்டது. வியப்பு என்னவென்றால், அந்நூலில் கவராயம் என்றோ அளவுகோல் என்றோ எந்தக் கருவியின் பெயரும் இல்லை. இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கலாம், ஒரு நேர்கோட்டை வேண்டிய அளவு நீட்டலாம், எந்தப் புள்ளியையும் மையமாகவும் எந்தத் தொலைவையும் ஆரமாகவும் கொண்டு வட்டம் வரையலாம் என்னும் மூன்று எடுகோள்கள் மட்டுமே உள்ளன. கருவிகளைப் பிற்காலத்தவர் இந்த எடுகோள்களிலிருந்து உய்த்துணர்ந்தனர்.

நேர்விளிம்பில் குறிகள் இருக்கக் கூடாது என்பது சிறிய கட்டுப்பாடு போலத் தோன்றும். ஆனால் அதன் விளைவு பெரியது. விளிம்பில் இரண்டே இரண்டு குறிகளை இட்டு அதை நகர்த்திப் பொருத்த அனுமதித்தால், எந்தக் கோணத்தையும் மூன்று சமக் கூறுகளாக்க முடியும். ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் ஒரு முறை அதைத்தான் செய்கிறது. விதிக்குள் நின்றால் அது முடியாது. யூக்ளிடின் கவராயமும் தாளிலிருந்து எடுத்தவுடன் மூடிக்கொள்ளும் தன்மையுடையது என்றே கருதப்படுகிறது. ஓரிடத்தில் உள்ள நீளத்தை வேறிடத்துக்குக் கொண்டு செல்வதையே முதல் புத்தகத்தின் இரண்டாம் கூற்றில் அவர் தனியாக நிறுவிக் காட்ட வேண்டியிருந்தது. சென்டிமீட்டர் குறியிட்ட அளவுகோலை வைத்துப் பக்கத்தை அளந்து வரையும் இன்றைய தேர்வுக்கூட வழக்கத்தை அவர் ஏற்றிருக்க மாட்டார்.

எண்ணுக்கு அடங்காத விகிதம்

கிரேக்கர்கள் விகிதத்தை எண்ணால் எழுதாமல் கோட்டால் வரைந்ததற்குக் காரணம் உண்டு. சதுரத்தின் பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் இடையிலான விகிதத்தை எந்த இரு முழு எண்களாலும் எழுத முடியாது என்பதைப் பிதாகோரசு மரபினர் கண்டறிந்தனர். எண்களைக் கொண்டு சொல்ல முடியாத அந்த விகிதம், வரைந்து காட்டும்போது எந்தக் குறையும் இல்லாமல் கண்முன் நிற்கிறது. எண்கள் கைவிட்ட இடத்தில் கோடுகள் கைகொடுத்தன.

ஆனாலும் முழு எண்களால் எழுத முடியாத இரு விகிதங்கள் சமம் என்று எப்படிச் சொல்வது? இதற்கு விடை கண்டவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூடோக்சசு. முதல் விகிதத்தின் இரு உறுப்புகளை எந்த இரு முழு எண்களால் பெருக்கினாலும், இரண்டாம் விகிதத்தின் உறுப்புகளையும் அதே எண்களால் பெருக்கும்போது பெரியது, சமம், சிறியது என்ற ஒப்பீடு ஒன்றுபோலவே அமைந்தால், அவ்விரு விகிதங்களும் சமம் என்றார் அவர். 'எலிமெண்ட்ஸ்' நூலின் ஐந்தாம் புத்தகம் இக்கொள்கையை விரிக்கிறது. ஆறாம் புத்தகம் அதை வரைதலுக்குப் பயன்படுத்துகிறது.

ஆறாம் புத்தகத்தின் வரைமுறைகளில் பெரும்பாலானவை ஒரே கருத்தைச் சார்ந்தவை. முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரையும் கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அடிப்படை விகிதசமத் தேற்றம் அல்லது தேல்ஸ் தேற்றம் என வருவது இதுவே. ஒரு கோட்டை 3:2 என்ற விகிதத்தில் பிரிக்க, அதன் ஒரு முனையிலிருந்து வேறொரு கதிர் வரைந்து, அதில் கவராயத்தால் ஐந்து சம அடிகள் இட்டு, ஐந்தாவது புள்ளியைக் கோட்டின் மறுமுனையோடு இணைத்து, மூன்றாவது புள்ளி வழியாக அதற்கு இணைகோடு வரைந்தால் போதும். பத்தாம் வகுப்பில் அளவு காரணி கொடுத்து வடிவொத்த முக்கோணம் வரையச் சொல்லும் கணக்கும் இதே வழியில்தான் செல்கிறது. மூன்று கோடுகள் கொடுக்கப்பட்டால் அவற்றுடன் விகிதசமத்தில் அமையும் நான்காவது கோட்டைக் காண்பதும் இதன் இன்னொரு வடிவமே.

பதின்மூன்றாம் கூற்று சற்று வேறானது. இரு கோடுகளுக்கு இடையே இடைவிகிதசமம் காண்பது அதன் நோக்கம். 4 அலகும் 9 அலகும் நீளமுள்ள கோடுகளை ஒரே நேர்கோட்டில் அடுத்தடுத்து வைத்து, மொத்த நீளமான 13 அலகை விட்டமாகக் கொண்டு அரைவட்டம் வரைய வேண்டும். இரு கோடுகளும் சேருமிடத்தில் எழுப்பும் செங்குத்து அரைவட்டத்தைத் தொடும் உயரம் சரியாக 6 அலகு. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால், அச்செங்குத்து பெரிய முக்கோணத்தை இரு வடிவொத்த முக்கோணங்களாகப் பிரிக்கிறது; எனவே 4:6 = 6:9. கொடுத்த நீளங்கள் 2, 5 என்றிருந்தால் உயரம் √10. அதைத் தசம எண்ணில் எழுதத் தொடங்கினால் முடிவே இராது. அரைவட்டத்திலோ ஒரே செங்குத்தில் வேலை முடிந்துவிடுகிறது. வர்க்கமூலத்தை வரையும் இந்த எளிய வழி பின்னால் பெரிய முக்கியத்துவம் பெற இருந்தது.

பொன் விகிதம்

ஒரு கோட்டை, முழுக்கோடு பெரிய பகுதிக்கும் பெரிய பகுதி சிறிய பகுதிக்கும் ஒரே விகிதத்தில் இருக்குமாறு பிரிப்பதை யூக்ளிடு இரண்டாம் புத்தகத்திலும் ஆறாம் புத்தகத்திலும் வரைந்து காட்டுகிறார். 10 செ.மீ. கோடு ஒன்றின் முனையில் 5 செ.மீ. செங்குத்து எழுப்பினால் கர்ணம் ஏறத்தாழ 11.18 செ.மீ. ஆகும். அதிலிருந்து 5 செ.மீ. கழித்து, எஞ்சும் 6.18 செ.மீ. நீளத்தை மூலக் கோட்டில் கவராயத்தால் குறித்தால் பிரிவு கிடைத்துவிடும். யூக்ளிடுக்கு இது ஒழுங்கு ஐங்கோணம் வரைவதற்கான படிக்கட்டு, அவ்வளவே. 1509இல் லூக்கா பாசியோலி இதைத் 'தெய்வீக விகிதம்' என்று புகழ்ந்து நூல் வெளியிட்டார். அந்நூலுக்குப் படங்கள் வரைந்தவர் லியொனார்டோ டா வின்சி. பொன் வெட்டு என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் நூல்கள் வழியே பரவியது. பார்த்தினன் கோயில் முதல் மனித உடல் வரை எங்கும் பொன் விகிதம் உள்ளது என்று இணையத்தில் சுற்றும் செய்திகளுக்குக் கிரேக்க நூல்களில் ஆதாரம் இல்லை. கட்டடத்தின் எந்த விளிம்பிலிருந்து அளப்பது என்பதை அளப்பவரே முடிவு செய்தால், விரும்பிய விகிதம் எப்படியும் கிடைத்துவிடும்.

தெலோஸ் தீவின் பலிபீடம்

இடைவிகிதசமம் ஒன்றைக் காண அரைவட்டம் போதும். இரண்டு காண வேண்டுமானால்? இந்தக் கேள்விதான் கிரேக்க வடிவியலை மிகவும் அலைக்கழித்தது.

தெலோஸ் தீவு மக்கள் கொள்ளைநோயால் வருந்தியபோது, அப்பல்லோவின் பலிபீடத்தை இருமடங்காக்குமாறு அருள்வாக்கு வந்தது என்பது கதை. பலிபீடம் கனசதுர வடிவினது. பக்கத்தை இருமடங்காக்கினால் கனஅளவு எட்டு மடங்காகிவிடும். கனஅளவு மட்டும் இருமடங்காக வேண்டுமானால் பக்கம் ஏறத்தாழ 1.26 மடங்காக வேண்டும். துல்லியமாகச் சொன்னால் 2இன் கனமூலம். அதை எப்படி வரைவது என்று தெரியாமல் அவர்கள் பிளேட்டோவை அணுகினார்களாம். கதை எவ்வளவு உண்மையோ, சிக்கல் உண்மையானது. பிளேட்டோவுக்கு முன்பே அது அறிஞர்களிடையே இருந்தது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கியோஸ் தீவின் ஹிப்போகிரட்டீஸ் (மருத்துவரான ஹிப்போகிரட்டீஸ் வேறு, அவர் கோஸ் தீவினர்) இச்சிக்கலை விகிதத்தின் மொழிக்கு மாற்றினார். 1 என்ற நீளத்துக்கும் 2 என்ற நீளத்துக்கும் இடையே இரு நீளங்களைக் காண வேண்டும். முதல் நீளத்துக்கு இரண்டாவது எப்படியோ அப்படியே இரண்டாவதுக்கு மூன்றாவதும், மூன்றாவதுக்கு நான்காவதும் அமைய வேண்டும். அதாவது 1, 1.26, 1.587, 2 என்ற வரிசை. இதில் இரண்டாவது நீளமே தேடும் பக்கம். இது விடை அன்று, சிக்கலின் இடமாற்றம் மட்டுமே என்று அக்காலத்திலேயே கேலி எழுந்தது. ஆனால் பின்வந்த தீர்வுகள் அனைத்தும் இந்த இடமாற்றத்தின் மேல்தான் கட்டப்பட்டன.

தாரந்தம் நகரின் ஆர்கைட்டசு உருளை, கூம்பு, சுழலும் அரைவட்டம் ஆகியவற்றின் பரப்புகள் வெளியில் சந்திக்கும் புள்ளியைக் கொண்டு விடை கண்டார். தாளில் வரைய முடியாத இத்தீர்வு, கற்பனையின் துணிவுக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. மெனாக்மசு கூம்பின் வெட்டுகளைப் பயன்படுத்தினார். இன்று பரவளையம், அதிபரவளையம் எனப்படும் வளைவரைகள் கணிதத்தில் நுழைந்தது இச்சிக்கலின் வழியாகத்தான் என்பது பரவலான கருத்து. புவியின் சுற்றளவைக் கணக்கிட்ட எராதோஸ்தெனீஸ் ஒரு கருவியையே செய்தார். ஒரு சட்டத்துக்குள் சமமான மூன்று தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும். அவற்றில் இட்ட மூலைவிட்டங்கள் உரிய இடங்களில் ஒரே நேர்கோட்டில் வரும்வரை தள்ளினால் இரு இடைவிகிதசமங்களும் கிடைக்கும். இக்கருவியின் வெண்கல வடிவத்தைத் தூண் ஒன்றில் பதித்து அரசர் தாலமிக்குக் காணிக்கையாக்கினார். அவர் பெயரிலான கடிதம், 6ஆம் நூற்றாண்டில் யூடோசியசு ஆர்க்கிமிடீசின் நூலுக்கு எழுதிய உரையில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

இத்தகைய கருவிகளைப் பிளேட்டோ கடிந்துகொண்டதாகவும், அவை வடிவியலைப் புலன்களின் உலகுக்கு இழுத்துவிடும் என்று அவர் கருதியதாகவும் புளூட்டார்க் எழுதுகிறார். தத்துவக் காரணம் எதுவாயினும், கணிதக் காரணம் பின்னால் தெளிவானது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் பாப்பசு சிக்கல்களை மூன்றாக வகுத்தார்: நேர்கோடும் வட்டமும் போதுமானவை, கூம்பு வெட்டுகள் தேவைப்படுபவை, அவற்றினும் சிக்கலான வளைவரைகள் தேவைப்படுபவை. எளிய கருவியால் முடிவதற்குக் கடினமான கருவியை எடுப்பது பிழை என்றார். இரு இடைவிகிதசமங்களை அவர் இரண்டாம் வகையில் சேர்த்தார். ஆனால் நேர்கோடும் வட்டமும் அதற்குப் போதா என்பதற்கு அவரிடம் நிறுவல் இல்லை. பலர் முயன்று தோற்றார்கள் என்பது மட்டுமே சான்றாக இருந்தது.

பலிபீடத்தை விதிப்படி பெருக்கும் தேவை இந்தியாவிலும் வடிவியலை வளர்த்தது. வேள்வி மேடைகளுக்கான சுல்ப சூத்திரங்கள் கயிறும் முளையும் கொண்டு வரைபவை. அங்கே பெருக்க வேண்டியது கனஅளவு அன்று, பரப்பளவு. கருட வடிவ மேடையின் பரப்பை 7½ அலகிலிருந்து படிப்படியாக ஒவ்வோர் அலகு கூட்ட வேண்டும். வடிவம் மாறக் கூடாது. இதற்கு வர்க்கமூலம் போதுமாதலால் கயிற்றுக்கு அது எட்டியது. போதாயனர் தரும் √2இன் மதிப்பு 577/408 என்ற பின்னத்துக்குச் சமம். அது ஐந்து தசம இடங்கள் வரை சரியானது.

கைவினைஞரின் கவராயம்

10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல் பூஸ்ஜானி, கைவினைஞர்களுக்குத் தேவையான வரைமுறைகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். திறப்பு மாறாத கவராயத்தால் செய்யக்கூடிய வரைமுறைகள் அதில் பல உள்ளன. மூன்று சம சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்கும் சிக்கலில், கைவினைஞர்களின் வெட்டு கண்ணுக்குச் சரியாகத் தோன்றினாலும் நிறுவலில் பிழைபடுவதை அவர் காட்டுகிறார். அதே வேளையில், நிறுவல் கையில் இருந்தும் வெட்டத் தெரியாத வடிவியலாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1525இல் ஆல்பிரெக்ட் டியூரர் ஓவியர்களுக்கும் கல்தச்சர்களுக்கும் எழுதிய அளவை நூலில் இதே இடைவெளி தெரிகிறது. அவர் தரும் ஐங்கோணங்களுள் ஒன்றின் பக்கங்கள் சமம். கோணங்கள் முழுச் சமமல்ல. கல்தச்சருக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டன்று.

கலிலியோ பதுவாவில் ஆசிரியராக இருந்தபோது உருவாக்கிய வடிவியல்–இராணுவக் கவராயம் வட்டம் வரைவதற்கானது அன்று. ஒரு முனையில் இணைந்த இரு கைகளிலும் ஒரே அளவுக்குறிகள் இருக்கும். கைகளை விரித்தால், ஒத்த குறிகளுக்கு இடையிலான தூரங்கள் வடிவொத்த முக்கோணங்களின் அடிப்பக்கங்கள் ஆகின்றன. ஆகவே விகிதக் கணக்கைப் பெருக்கல் வகுத்தல் இன்றி, சாதாரணக் கவராயத்தின் கூர்களால் தொட்டே முடிக்கலாம். பீரங்கிக் குண்டின் விட்டத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்புக்குக் கனமூலம் தேவை. அதற்கும் தனிக்கோடு ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. எராதோஸ்தெனீசின் தகடுகள் செய்த வேலையை இங்கே முன்கூட்டியே கணித்த குறிகள் செய்தன. 1606இல் அவர் வெளியிட்ட பயன்பாட்டு நூலை மறு ஆண்டே ஒருவர் தம்முடையதுபோல் வெளியிட, கலிலியோ வழக்காடி வென்றார்.

கோடு எண்ணான கதை

1637இல் டெக்கார்ட் தமது 'வடிவியல்' நூலைத் தொடங்கும்போதே, ஒரு கோட்டை அலகாகக் கொண்டால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்தையும் கோடுகளால் செய்யலாம் என்று காட்டினார். பெருக்கலும் வகுத்தலும் யூக்ளிடின் நான்காவது விகிதசமம். வர்க்கமூலம் அதே பழைய அரைவட்டம். நேர்கோடும் வட்டமும் சந்திக்கும் புள்ளிகள் இருபடிச் சமன்பாடுகளின் தீர்வுகள் என்பதால், வர்க்கமூலத்தைத் தாண்டி எந்த ஒரு படியிலும் செல்ல இயலாது. வரைதல் பற்றிய கேள்வி இவ்வாறு எண்களைப் பற்றிய கேள்வியாயிற்று.

அதன் முதல் பெரும் பயன் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 3, 4, 5, 6, 15 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களை யூக்ளிடே வரைந்திருந்தார்; பக்கங்களை இருமடங்காக்குவதும் எளிது. அதற்கு மேல் இரண்டாயிரம் ஆண்டுகளாக எதுவும் சேரவில்லை. 1796 மார்ச் 30 அன்று, 19 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்த காஸ், ஒழுங்குப் பதினேழுகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். 17இலிருந்து 1 குறைந்தால் 16. அது 2ஐ நான்கு முறை பெருக்கிய எண். ஆகவே வர்க்கமூலங்களை அடுத்தடுத்து எடுத்தே விடையை அடையலாம். ஏழுகோணத்துக்கு 6 வருகிறது. அதில் 3 என்ற காரணி குறுக்கிடுகிறது. பிரவுன்ஷ்வைக் நகரில் உள்ள காஸ் சிலையின் பீடத்தில் 17 முனைகள் கொண்ட விண்மீன் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது.

காஸ் 1801இல் தம் நூலில், இவ்வகையில் அடங்காத பலகோணங்களை வரைய முடியாது என்றும் எழுதினார், நிறுவலைத் தரவில்லை. அதைத் தந்தவர் பியர் வான்ட்செல் என்ற பிரெஞ்சு இளைஞர். 1837இல் வெளிவந்த ஏழு பக்கக் கட்டுரையில் அவர் காட்டியது இது: கவராயத்தாலும் நேர்விளிம்பாலும் வரையும் எந்த நீளமும் 2, 4, 8, 16 என 2இன் அடுக்குகளைப் படியாகக் கொண்ட, காரணிப்படுத்த இயலாத சமன்பாட்டின் தீர்வாகவே இருக்கும். 2இன் கனமூலத்துக்கு அத்தகைய சமன்பாட்டின் படி 3. எனவே தெலோஸ் பலிபீடத்தின் பக்கத்தை எவராலும் என்றும் வரைய முடியாது. 60 பாகைக் கோணத்தை மூன்றாகப் பிரிப்பதும் முப்படிச் சமன்பாட்டில் முடிவதால், எல்லாக் கோணங்களுக்கும் பொருந்தும் முக்கூறு முறையும் இல்லை. இக்கட்டுரை பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. வான்ட்செல் 1848இல், 34 வயது நிறையும் முன்பே இறந்தார். தேற்றத்தைப் பயன்படுத்துவோர் பலருக்கும் இன்றுகூட அவர் பெயர் தெரியாது என்பது வருந்தத்தக்கது.

வட்டத்துக்குச் சமமான சதுரம்

வட்டத்தின் பரப்புக்குச் சமமான சதுரத்தை வரையும் சிக்கல் மட்டும் வான்ட்செலின் முறைக்கும் எட்டவில்லை. பை எவ்வகை எண் என்பது அப்போது தெரியாது. தீர்வு கண்டதாக வந்து குவிந்த கடிதங்களால் சலித்த பாரிஸ் அறிவியல் கழகம், வட்டச் சதுரமாக்கல், கனசதுர இருமடங்காக்கல், கோண முக்கூறு ஆகியவை பற்றிய எந்தத் தீர்வையும் இனி ஆராய்வதில்லை என்று 1775இலேயே அறிவித்துவிட்டது. நிறுவல் வரும் முன்பே கதவு சாத்தப்பட்டது. 1882இல் லிண்டெமான், முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் பை தீர்வாகாது என்று நிறுவியபோதுதான் முடிவு உறுதியானது.

துல்லியமாக வரைய முடியாது என்பதால், எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வி மறைந்துவிடவில்லை. ஹார்டிக்கு முதல் கடிதம் எழுதிய 1913ஆம் ஆண்டிலேயே, சீனிவாச இராமானுசன் இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் 'வட்டத்தைச் சதுரமாக்கல்' என்ற சிறு குறிப்பை வெளியிட்டார். விட்டத்தின் மேல் ஓர் ஆரத்தை இருசமக் கூறிடுதல், மற்றோர் ஆரத்தை மூன்றாகப் பிரித்தல், ஒரு செங்குத்து, சில நாண்கள், ஒரு தொடுகோடு, சில இணைகோடுகள் ஆகியவையே அதிலுள்ள படிகள். அனைத்தும் யூக்ளிடின் விதிக்குள் அடங்குபவை. பைக்குப் பதிலாக 355/113 என்ற பின்னத்தைத் துல்லியமாகத் தரும் வரைபடம் அது. ஆறு தசம இடங்கள் வரை இரண்டும் ஒன்றே. பிழையின் அளவையும் அவரே குறித்திருக்கிறார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் எனக் கொண்டால், வரையப்படும் சதுரத்தின் பக்கம் உண்மையான நீளத்தைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கும். அக்காலச் சென்னை மாகாணத்தின் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவே.